காய்ச்சாத சோப்பு

நாவல் எழுதுகிறவன் சோப்புக் காய்ச்சலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். "காய்ச்சவில்லை ஐயா, காய்ச்சாமலேதான் செய்கிறேன்" என்றேன். ஹாஸ்யம் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் நான் சொன்னது உண்மை. சோப்பை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சியும் செய்யலாம், காய்ச்சாமலும் செய்யலாம். எண்ணெயையும் காரத்தையும் சரியான அளவில் கலந்துவிட்டால் அவை தாமாகவே சூடேறி, தாமாகவே வேலையை முடித்துக்கொள்கின்றன. மனிதன் செய்ய வேண்டியது அளப்பதும், கலக்குவதும், காத்திருப்பதும்தான். இந்த மூன்றில் முதலாவது எனக்கு வராது. இரண்டாவதில் கை வலிக்கும். மூன்றாவதைப் பத்திரிகை ஆபீசுகளோடு வெகு காலமாகப் பழகியவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த வேலையில் நான் இறங்கியதற்கு அம்மா காரணம். அப்பா காலமான பிறகு ஊரிலிருந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் திருச்சியில் எங்களோடு வந்து இருக்கிறாள். பிறந்தது முதல் அவள் உடம்பில் பட்டதெல்லாம் வீட்டில் இடித்த ஸ்நானப் பொடிதான். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி, ஆவாரம்பூ, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ் எல்லாம் சேர்ந்தது. இப்போது இடிக்கக் கையில் வலு இல்லை. மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டு வந்தோம். எங்களுக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அந்தப் பொடியைத் தேய்த்துக்கொண்டு அம்மா ஒரு வெள்ளிக்கிழமை பட்ட பாட்டை இங்கே எழுத வேண்டாம். பிறகு கடைச் சோப்பு வாங்கிக் கொடுத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வாசனை" என்று திருப்பி வைத்துவிட்டாள். வேறு ஒன்று வாங்கினோம். "இது பிஸ்கோத்து வாசனை."

"உனக்கு என்ன வாசனைதான் வேணும், சொல்லேன்" என்று ஒரு நாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மல்லிகைப்பூ வாசனையா ஒரு சவுக்காரம் வந்தா தேவலை" என்றாள். சொல்லிவிட்டு உடனே, "கெடக்கு, அதுக்கென்ன இப்போ" என்று பேச்சை மாற்றினாள்.

அப்பா போன நாளிலிருந்து அம்மா பூ வைத்துக்கொள்வதில்லை. காலம் மாறிவிட்டது, வைத்துக்கொள் என்று நானும் என் மனைவியும் எவ்வளவோ சொல்லியாயிற்று. கேட்கவில்லை. தலையில் இருக்கும் பூவை நாலு பேர் பார்ப்பார்கள். சோப்பில் இருக்கும் பூவை யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் அப்படி நினைத்தாளோ என்னவோ, நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மல்லிகைச் சோப்பு ஒன்று என் கையாலேயே செய்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

அம்மா சொல்கிற சவுக்காரம் என்ற சொல் இப்போது அருகிவிட்டது. ஆனால் நல்ல சொல். உள்ளே இருப்பதை மறைக்காத சொல். மிளகாயும் காரம், அப்பளத்துக்குப் போடுவதும் காரம். அந்த நாளில் ஊரில் துணி வெளுப்பவர்கள் உவர்மண்ணைக் கரைத்து, துணியை அதில் முக்கி வெள்ளாவியில் வைப்பார்கள். அந்த மண்ணில் இருந்ததும் காரம்தான். சோப்புக்குப் போடுவது இவற்றுக்கெல்லாம் பெரியண்ணன்: காஸ்டிக் சோடா. ரசாயனக் கடைகளில் வெள்ளைச் செதிலாகக் கிடைக்கிறது. டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். விரலில் பட்டால் முதலில் எரிவதில்லை, வழுவழுவென்று இருக்கிறது. விரலிலுள்ள கொழுப்பே சோப்பாகிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு பசி உண்டு. 100 கிராம் தேங்காயெண்ணெய் சுமார் 18.3 கிராம் காரத்தைத் தின்னும். நல்லெண்ணெய்க்குச் சுமார் 13.4 கிராம் போதும். விளக்கெண்ணெய்க்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. தேங்காயெண்ணெய் மட்டும் போட்டால் சோப்புக் கல் மாதிரி இருக்கும், நுரை பொங்கும், ஆனால் தோலை வறட்டிவிடும். நல்லெண்ணெய் சாது. ஆனால் நுரைக்காது; சோப்பும் இறுகச் சோம்பல்படும். விளக்கெண்ணெய் ஒரு துளி சேர்ந்தால் நுரை நின்று நிதானமாக வரும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் கண்ட கலவை இது: தேங்காயெண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100. கணக்குப்படி இதற்கு 158 கிராம் காரம் வேண்டும். நான் போடுவது 150. நூற்றில் ஐந்து பங்கு எண்ணெய் காரம் கிடைக்காமல் எண்ணெயாகவே நின்றுவிடும். தோலுக்கு அது நல்லது. காரம் மிஞ்சினால்தான் ஆபத்து. ஆழாக்கும் உழக்கும் இங்கே உதவாது. மின் தராசில் கிராம் கிராமாக நிறுக்க வேண்டும். கணக்கில் நான் வாங்கிய மார்க்குகளை அறிந்தவர்கள் இதைப் படித்தால் என் வீட்டுப் பக்கமே வரமாட்டார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே உலகத்தில் எத்தனையோ நூற்றாண்டுகள் சோப்புச் செய்திருக்கிறார்கள். சாம்பலை வடிகட்டிய நீரும் கொழுப்பும், கண்ணும் கைப்பழக்கமும், சில சமயம் நாக்கு நுனியுமே அவர்களுக்குத் தராசு. கொழுப்புக்குள் என்ன இருக்கிறது, காரம் அதை என்ன செய்கிறது என்று ஒழுங்காகப் பிரித்துக் காட்டியவர் செவ்ருல் என்ற பிரெஞ்சுக்காரர். 1823-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். அவர் 102 வயது வரைக்கும் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எழுதுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்.

முதல் தடவை செய்தபோது தயிர் கடையும் மத்தை எடுத்துக் கலக்கினேன். தண்ணீரில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்க வேண்டும். (காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்து முகத்தில் தெறிக்கும்.) கரைத்தது ஆறி, எண்ணெயும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, இரண்டையும் சேர்த்துக் கடைய வேண்டும். ஒன்றரை மணி நேரம் கடைந்தேன். மனைவியும் மகளும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பதம் வந்தது. கரண்டியால் எடுத்து மேலே ஒழுகவிட்டால், இழைக்கோலம் மாதிரி கோடு விழுந்து, அந்தக் கோடு அமிழ்ந்து போகாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். காரம் மரத்தையும் அரிக்கும் என்பது மத்தைக் கழுவும்போதுதான் தெரிந்தது. அது மாமியார் வீட்டுச் சீதன மத்து. இதற்கு மேல் அந்த விஷயத்தை விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம் கையில் பிடித்துக் கடைகிற மின்சாரக் கருவி ஒன்றைச் சோப்புக்கென்றே வாங்கிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் பதம் வந்துவிடுகிறது. அலுமினியப் பாத்திரத்திலும் ஒரு தடவை கரைத்தேன். புஸ்ஸென்று பொங்கி, பாத்திரம் கறுத்துவிட்டது. கிளம்பியது ஹைட்ரஜன் வாயு. பக்கத்தில் நெருப்பு இல்லாதது என் அதிர்ஷ்டம். அன்று முதல் எவர்சில்வர் பாத்திரம்தான் என்று வைத்துக்கொண்டேன். இந்த முடிவைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

சாயத்தில்தான் உண்மையான வேடிக்கை. கடையில் விற்கும் செயற்கைச் சாயம் வேண்டாம், தோட்டத்திலும் அங்கணத்திலும் இருப்பதைக் கொண்டே நிறம் ஏற்றுவது என்று மகள் சட்டம் போட்டாள். அவள்தான் பூக்களைப் பறித்துக்கொண்டு வந்தாள். செம்பருத்தி இதழை அரைத்துப் போட்டோம். கண் எதிரிலேயே சிவப்பு மங்கிப் பாசியாகி, மறுநாள் பார்த்தால் சாணி நிறம். சங்குபுஷ்பத்தைப் போட்டோம். ஆகாச நீலமாக இருந்தது பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, விடிவதற்குள் அழுக்குச் சாம்பலாகிவிட்டது. ரோஜா இதழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஊறவைத்த தேயிலை. காரம் பூக்களைப் பூக்களாகவே மதிக்கவில்லை.

மஞ்சள் தூளைப் போட்டதும் கூழ் இரத்தச் சிவப்பாயிற்று. நான் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா கூப்பிட்டே? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா குங்குமம் ஆகாதா?" என்றாள். எத்தனையோ கதைகளில் நாயகிகளின் நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறேன். இது என் புத்திக்கு எட்டவில்லை. நாளாக ஆக அந்தச் சிவப்புத் தணிந்து, காவியாகி, கடைசியில் முற்றிய மாம்பழ நிறத்தில் நின்றது. வெயில் படும் இடத்தில் வைத்தால் வெளுத்துவிடும். அலமாரிக்குள் வைத்தால் இருக்கிறது. மஞ்சிட்டி வேரை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டதில் மங்கலான ரோஜா நிறம் வந்தது. பூவில் கிடைக்காத ரோஜா நிறம்.

கதை எழுதுகிறவனிடம் இரண்டு விஷயத்தைக் கொடுத்தால் மூன்றாவதாக ஒரு தத்துவம் பண்ணிவிடுவான். இரவு சாப்பிடும்போது நான் சொன்னேன்: "பார்த்தீர்களா, மேலே மினுக்குகிற பூவெல்லாம் காரத்துக்கு முன்னால் ஓடிப்போகிறது, மண்ணுக்குள் இருக்கிற மஞ்சளும் மஞ்சிட்டியும்தான் நிற்கின்றன. வேருக்குத்தான் தாங்கும் சக்தி." எனக்கே மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த அத்தியாயத்தில் எங்கேயாவது சேர்த்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பீட்ரூட்டை அரைத்துச் சாறு எடுத்துக்கொண்டு வந்தாள். "இதுவும் மண்ணுக்குள்ளேதானே இருக்கு, அப்பா?" செக்கச்செவேலென்ற சாறு, கூழில் விழுந்த மாத்திரத்தில் மஞ்சளாகி, பழுப்பாகிவிட்டது. போதாததற்குக் கோவில் மாலையிலிருந்து உதிர்ந்த செண்டுமல்லி இதழ்களைக் காயவைத்து எண்ணெயில் ஊறப்போட்டிருந்தாள். யாரும் தலையில் வைத்துக்கொள்ளாத பூ அது. அந்த எண்ணெயில் செய்த சோப்பு வெண்ணெய் மஞ்சளாக, ஒரு மாற்றமும் இல்லாமல் நின்றது. இலைகளில் அவுரி நிற்கிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். சாயத் தொட்டியிலேயே காரத்தோடு பழகிய நீலம் அது, சோப்புக்காரத்துக்கு மசியவில்லை. என் தத்துவத்தை அன்றோடு விட்டுவிட்டேன். அத்தியாயத்தில் சேர்க்கவில்லை.

நிறம் போகட்டும். மல்லிகை என்ன ஆயிற்று?

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பூவாகவே பார்த்து இரண்டு முழம் வாங்கினேன். மொட்டாகப் பறித்து, நாரில் தொடுத்த பிறகும், அது சாயங்காலம் மலர்கிறது. பறித்த பிறகும் வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு பிடிவாதமான பூ காரத்துக்கும் தாக்குப்பிடிக்கும் என்று நம்பினேன். மலர்ந்த பூவை எண்ணெயில் போட்டு, தினம் பூவை மாற்றி, பதினைந்து நாள் ஊறவைத்தேன். எண்ணெய் மணத்தது. கொஞ்சந்தான், ஆனால் மல்லிகைதான். அதைக் கொண்டு சோப்புச் செய்து, ஆசைக்கு மேலே நாலு பூவையும் பதித்தேன். மறுநாள் பூ நாலும் பழைய துடைப்பக் குச்சி நிறத்தில் இருந்தன. சோப்பை முகர்ந்தால் வைக்கோல்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மல்லிகையை ஆவியில் வைத்து வாசனை எடுக்க முடியாது, சூட்டில் கெட்டுவிடும். அதனால் தொழிற்சாலைகளில் கரைப்பான் போட்டு எடுக்கிறார்கள். அந்தச் சாரத்தின் விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி. சந்தனத்தின் கதையும் இதுதான். முதல் மகா யுத்தத்தில் வெளிநாட்டு ஏற்றுமதி நின்று, மைசூர் சமஸ்தானத்தில் சந்தனக்கட்டை தேங்கிப்போயிற்று. 1916-ல் அரசாங்கமே எண்ணெய் எடுக்கவும், பிறகு சோப்புச் செய்யவும் இறங்கியது. இன்று அந்த எண்ணெய் ஒரு சொட்டு வாங்கச் சமஸ்தானம் இருந்தால்தான் கட்டும். சந்தனத்தை அரைத்துப் போட்டுப் பார்த்தேன். உடம்பைச் சுரண்டுகிறதே தவிர மணக்கவில்லை. எலுமிச்சைத் தோல் எண்ணெய் செய்த அன்றைக்கு ஜோராக இருக்கும்; சோப்பு முற்றுவதற்குள் பறந்துவிடும். எலுமிச்சைப் புல் எண்ணெய் அதைவிட நிற்கும். கிராம்பெண்ணெய் ஊற்றினால், கண் மூடித் திறப்பதற்குள் கூழ் கல்லாகிக் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

மிஞ்சியது வெட்டிவேர். கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் பயிராகிறது. வேரை ஆவியில் வைத்து எடுக்கும் எண்ணெய் தேன் மாதிரி கனமாக இருக்கும். விலை அதிகம்தான், ஆனால் சில கிராம் போதும். காரத்துக்கும் காலத்துக்கும் அசைவதில்லை. மல்லிகை இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "நான்தான் அன்னிக்கே விட்டுட்டேனே, நீ ஏன் பிடிச்சுக்கிட்டு இருக்கே?" என்றாள். அந்த வார்த்தை சோப்பைப் பற்றி மட்டும் சொன்னதாக எனக்குப் படவில்லை. வெட்டிவேர்ச் சோப்பாவது அப்பழுக்கில்லாமல் வர வேண்டும் என்று மனத்தில் வைராக்கியம் ஏற்பட்டது.

இனிமேல் எழுதப் போவது என் மனைவிக்குத் தெரியாது. என் எழுத்தை அச்சில் வந்த பிறகுதான் படிப்பது என்று அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகையால் இதையும் இந்தப் பக்கத்தில்தான் முதல் முதலாகப் படிக்கப் போகிறாள்.

சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மகளும் வீட்டில் இல்லை. அம்மா சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தாள். கொல்லைத் தாழ்வாரத்தில் எண்ணெயையெல்லாம் நிறுத்து வைத்துவிட்டு, 300 கிராம் தண்ணீரில் 150 கிராம் காரத்தைக் கரைத்தேன். கரைத்தது எதில் என்றால், எவர்சில்வர் சொம்பில். அகலமான பாத்திரத்திலிருந்து எண்ணெயில் ஊற்றும்போது ஒரு தடவை சிந்திவிட்டது. சொம்பு என்றால் ஊற்ற வாகாக இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதும் எடுத்துவிட்டேன். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ஜோடிச் சொம்பில் ஒன்று அது. மற்றொன்றில்தான் அம்மா தண்ணீர் குடிப்பாள்.

காரத்தைக் கரைத்தவுடன் தண்ணீர் பால் மாதிரி கலங்கும்; உஷ்ணம் எண்பது டிகிரிக்கு மேல் ஏறும்; மூக்கைத் துளைக்கிற ஆவி வரும். பத்து நிமிஷம் பொறுத்தால் ஆவி அடங்கிவிடும். கலங்கல் தெளிந்துவிடும். பிறகு பார்த்தால் அதற்கும் குழாய்த் தண்ணீருக்கும் வித்தியாசம் கிடையாது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சொம்பைத் திண்ணை ஓரத்தில் நிழலாக வைத்தேன், ஆறட்டும் என்று.

டெலிபோன் மணி அடித்தது. தொடர்கதை வருகிற பத்திரிகையிலிருந்து. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது, அத்தியாயத்தில் இருபது வரி குறைக்க வேண்டும் என்றார்கள். நான் எந்த வரியைக் குறைப்பது, ஏன் குறைக்க முடியாது என்று வாதாடினேன். அவர்கள் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்கள். அந்தப் பத்தி போனால் கதையே போயிற்று என்று நான் சொன்னேன். இப்படியே இருபது நிமிஷம். கடைசியில் பன்னிரண்டு வரிக்கு ஒப்புக்கொண்டு, ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி கொல்லைப் பக்கம் வந்தேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சொம்பு. கையில் விசிறி.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. மற்றொன்றில் எடுக்க வேண்டும். காய்ச்சி ஆறின தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாத்திரத்தை வாயில் வைத்துக் குடிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அண்ணாந்து, உயரத் தூக்கி, நேராகத் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வாள். மூன்று மடக்கு உள்ளே போன பிறகுதான் கீழே இறக்குவாள். சின்ன வயதில் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"யாருடா இது, வெந்நீரைக் கொண்டாந்து இங்கே வெச்சது?" என்றாள். "தொட்டேன், சுட்டுட்டுது. ஆறட்டும்னு உக்காந்திருக்கேன்." சொல்லிக்கொண்டே சொம்புக்கு இரண்டு தரம் விசிறினாள்.

நான் ஓடிப்போய்ச் சொம்பைத் தூக்கினேனா, அல்லது முதலில் பேசினேனா என்று இப்போது நினைவு இல்லை. "அம்மா, அது தண்ணி இல்லை" என்று சொன்னது மட்டும் தெரியும்.

"பின்னே?"

"சோப்புக்குக் கரைச்ச காரம்."

அம்மா விசிறியைக் கீழே வைத்தாள். சொம்பை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். சுட்டதா என்று தெரியவில்லை. சாயங்காலம் உள்ளங்கை சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அந்தத் திராவகம் தொண்டையில் போனால் என்ன ஆகும் என்பதைச் சோப்பைப் பற்றிப் படிக்கும்போதே படித்திருந்தேன். தொண்டையும் உணவுக்குழலும் வெந்துபோகும். பிழைத்துக்கொண்டாலும் ஆறின வடு குழலைச் சுருக்கிவிடும். பிறகு கஞ்சி இறங்குவதே பாடு. கையில் பட்டால் நிறையத் தண்ணீரை விட்டு அலம்பிக்கொண்டே இருக்க வேண்டும், வினிகர் கினிகர் ஊற்றக் கூடாது என்று மகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். டப்பாவை எட்டாத உயரத்தில் பூட்டி வைத்தவனும் நான்தான். டப்பாவை யாரும் குடிக்கப் போவதில்லை. சொம்பு, குடிக்கிற பாத்திரம். பத்திரிகைக்காரர்கள் இருபது வரிக்கும் பிடிவாதமாக நின்றிருந்தால் இன்னும் அரைமணி பேசியிருப்பேன். அதற்குள் சொம்பு ஆறியிருக்கும்.

சாக்கடையில் கொட்டுவதற்காகக் கொல்லைக் கோடிக்குப் போனேன். "எங்கே கொண்டு போறே?" என்று அம்மா கூப்பிட்டாள்.

"கொட்டப் போறேன்."

"கொட்டினா? அங்கே இருக்கிற தவளை, பூச்சியெல்லாம் சாகவா? எதுக்குக் கரைச்சியோ அதைச் செய்." குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. சிறிது நேரம் கழித்து, "அவகிட்டே சொல்லாதே. அப்புறம் வேலைக்குப் போற இடத்திலே நிம்மதியா இருக்க மாட்டா" என்றாள்.

செய்தேன். அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காரத்தை எண்ணெயில் ஊற்றும்போது கை நடுங்கிற்று. "மெதுவா" என்றாள். பதம் வந்ததும் வெட்டிவேர் எண்ணெயை விட்டேன். அட்டைப்பெட்டிக்குள் வெண்ணெய்த் தாள் விரித்து, கூழை ஊற்றி, மூடி, பழைய கம்பளியால் சுற்றி வைத்தேன். ராத்திரி தொட்டுப் பார்த்தால் உள்ளே கணகணவென்று இருந்தது. சோப்பாகிறபோது அப்படித்தான் இருக்கும். எனக்குத் தொட்டபோதெல்லாம் வேறு ஞாபகம் வந்தது.

மறுநாளைக்கு மறுநாள் வெட்டி, காற்றாட அடுக்கி வைத்தேன். காரம் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சாதுவாக ஓரிரண்டு நாள் போதும். ஆனால் தண்ணீர் சுண்டி, சோப்பு முற்றி, கரையாமல் நிற்க நாலு வாரமாவது வேண்டும். நல்லெண்ணெய் சேர்ந்ததற்கு ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் சில ஏற்பாடுகள் செய்தேன். காரத்துக்கென்று மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் ஜாடி ஒன்று. அதில் மகள் சிவப்பு மையால் மண்டை ஓடு வரைந்திருக்கிறாள். ஏன் திடீரென்று மண்டை ஓடு என்று அவள் கேட்டாள், ஜாக்கிரதைக்கு என்றேன். கரைப்பதிலிருந்து எண்ணெயில் ஊற்றுகிற வரைக்கும் கொல்லைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். டெலிபோன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கும். என்னைக் கூப்பிட்டுக் கிடைக்கவில்லை என்று வருத்தப்படும் ஆசிரியர்கள் இதைக் காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா அந்தச் சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். வெளிறின பழுப்பு, பார்வைக்கு ஒன்றும் இல்லை, ஓரம் கோணல். நான் எழுதுகிற பாவனையாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் புறங்கையை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தாள்.

"என்னம்மா, எப்படி இருக்கு?"

"நம்ம ஊர்ப் பானைத் தண்ணி வாசனைடா" என்றாள். கோடைக்காலத்தில் ஊரில் மண்பானையில் வெட்டிவேர் ஒரு கொத்துப் போட்டு வைத்திருப்போம். அப்பாவுக்கு அந்தத் தண்ணீர்தான் வேண்டும். "குடிக்கணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று உணர்ந்தவள் போல என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்தக் கட்டி கரைந்துவிட்டது. இப்போது நாலாவது கட்டி. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறேன். விற்கலாமே என்கிறார்கள். விற்க உரிமம் வாங்க வேண்டும். அதற்கு வேறு பிறவி வேண்டும். வெட்டிவேர்ச் சோப்பு மட்டும் வீட்டில் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறேன். சொம்பில் ஒன்றை நான் எங்கேயோ பரணில் போட்டுவிட்டேன். மற்றொன்றில் அம்மா தண்ணீர் குடிக்கிறாள். எடுப்பதற்கு முன்னால் புறங்கையைச் சொம்பின் மேல் ஒரு நிமிஷம் வைத்துப் பார்க்கிறாள். நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வைத்துப் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் அண்ணாந்து குடிக்கிறாள்.